சொல்லிவிட்டுப் போகிறவர்

1

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, லியோங் அண்ணன் கண் ஆபரேஷனுக்குப் போகாமல் பாதி வழியில் வீட்டுக்குத் திரும்பி வந்துவிட்டார். ஃபெரி ஓடாமல் இல்லை. கடலும் அன்றைக்குப் பாய் விரித்த மாதிரி சாதுவாகக் கிடந்தது. எங்கள் பாம்பூஃப்ளாட் ஜெட்டியில் ஏறி உட்கார்ந்தால் ஒரு டீ ஆறுவதற்குள் எதிர்க்கரையில் சாத்தம் வந்துவிடும். அங்கே பஸ் பிடித்தால் ஆஸ்பத்திரி. டாக்டர் தேதி கொடுத்து, பேத்தி லீவு போட்டு, எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

நான் ஜெட்டிக்குப் போகிற வழியில் சின்னதாக ஒரு டிபன் கடை வைத்திருக்கிறேன். தோசைக்கல்லில் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தபோது மனிதர் வெள்ளைச் சட்டையும் தோள்பையுமாகத் திரும்பி வருவதைப் பார்த்தேன். பின்னால் பேத்தி பூர்ணிமா, முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்க.

"என்னா அண்ணே, ஆபரேஷன் ஆச்சா அதுக்குள்ள?"

"நஹீ ஹுவா, தங்கச்சி, ஆகல. சௌக்கியில தாலா போட்டுப் பூட்டியிருக்கு. யாரோ விஐபி வராங்களாம், எல்லாரும் பந்தோபஸ்துக்குப் போயிட்டாங்க. நான் யார்கிட்ட சொல்லிட்டுப் போறது?"

சௌக்கி என்றால் எங்கள் ஜெட்டி ஓரத்தில் இருக்கும் போலீஸ் சாவடி. லியோங் அண்ணன் பாம்பூஃப்ளாட்டை விட்டு எங்கே போனாலும் முதலில் அங்கே போய்ச் சொல்வார். மாயாபந்தரில் கல்யாணம் என்றாலும் சொல்வார். எதிர்க்கரையில் ஆணி வாங்கப் போனாலும் சொல்வார். திரும்பி வந்ததும், வந்துவிட்டேன் என்று மறுபடி போய்ச் சொல்வார். எந்தச் சட்டமும் அவரை அப்படிச் செய்யச் சொல்லவில்லை. கையில் வோட்டர் கார்டு, ஆதார், ஐலண்டர் கார்டு எல்லாம் இருக்கிறது.

"யார்கிட்டயும் சொல்ல வேணாம் அண்ணே, அடுத்த ஃபெரியப் புடிங்க" என்றேன்.

"அப்புடி எப்புடி? சொல்லாம தண்ணி தாண்டக் கூடாது."

பூர்ணிமா தோள்பையை என் பெஞ்சில் தொப்பென்று போட்டாள். "ஆன்ட்டி, ஆப் ஹீ சம்ஜாவோ. என் பேச்சுக் கேக்க மாட்டேங்கிறாரு."

நான் என்னத்தைச் சொல்லிப் புரிய வைப்பது? ஆளுக்கு இரண்டு தோசை போட்டுக் கொடுத்தேன். ஆபரேஷன் தள்ளிப் போனது. "இந்த ஊர்ல சொல்லாமக் கொள்ளாம எங்கயும் போகாத ஒரே ஆம்பள இவருதான்" என்று என் வீட்டுக்காரர் அன்று முழுக்கச் சிரித்துக்கொண்டிருந்தார். நானும் சிரித்தேன். பல வருஷமாக நாங்கள் எல்லோருமே அதற்குச் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

2

மெயின்லேண்டில் இருந்து இதைப் படிக்கிறவர்களுக்கு என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அந்தமானில் இருக்கிறேன் என்றால் நீங்கள் முதலில் கேட்பது ஜெயிலைப் பற்றி. அடுத்தது, அங்கே ஆதிவாசிகள் அம்பு விடுவார்களாமே என்று. இங்கே நாங்களும் காலையில் இட்லிக்குச் சட்னி அரைத்து, சாயங்காலம் சீரியல் பார்த்துத்தான் வாழ்கிறோம்.

நான் பிறந்தது இலங்கையில், அட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், கூலிக்காரர்களின் வரிசை வீட்டில். அங்கே எங்களைக் கள்ளத்தோணி என்றார்கள். இந்தியாவுக்குப் போங்கள் என்று அனுப்பினார்கள். கப்பலில் ராமேஸ்வரம் வந்து இறங்கி, மண்டபம் கேம்பில் தகரக் கொட்டகையில் இருந்தோம். அங்கே சிலோன்காரி. பிறகு மெட்ராஸ் துறைமுகத்தில் இன்னொரு கப்பல் ஏற்றி, நிக்கோபாரில் கச்சால் தீவுக்கு, ரப்பர் வெட்ட அனுப்பினார்கள். இங்கே மதராசி. சுனாமி வந்து எங்கள் லைன் வீடுகளையும் அதற்குக் கீழே இருந்த கரையையும் கொண்டுபோன பிறகு, பாம்பூஃப்ளாட்டுக்கு வந்து இந்தக் கடையைப் போட்டோம். ஒருத்திக்கு எத்தனை பட்டம் பாருங்கள்.

போன வருஷம் சென்னைக்குப் போனபோது தி.நகரில் ஒரு கடையில் என்னை அறியாமல் "பையா, கித்னா?" என்று கேட்டுவிட்டேன். கடைக்காரப் பையன் கனிவாகச் சிரித்து, "மேடம், தமிழ் கொஞ்சமாச்சும் தெரியுமா?" என்றான். லாட்ஜுக்கு வந்து குளியலறைக் குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு அழுதேன். என் மகள் ஹைதராபாத்தில் இருக்கிறாள். எனக்குத் தமிழில்தான் மெசேஜ் அனுப்புவாள், ஆனால் இங்கிலீஷ் எழுத்தில். அவளுடைய பையனுக்கு நான் நானி. அவன் என்னோடு பேசுவது எல்லாம் "நானி, கைஸே ஹோ?" அதற்கு மேல் எங்கள் இருவருக்கும் பேச்சு ஓடாது. திரையில் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்போம்.

லியோங் அண்ணன் எங்களுக்கு அடுத்த வீடு. கார்பெண்டர். என் கடை பெஞ்சு, மேசை, அரிசி டிரம்முக்கு மூடி எல்லாம் அவர் கைவேலைதான். அவர் மனைவி பாக்கியம் அக்கா ராமநாதபுரத்துக்காரர்; காலமாகி மூன்று வருஷம் ஆகிறது. அவரிடமிருந்துதான் அண்ணன் தமிழ் படித்தார். ஒரே மகளும் மருமகனும் நிக்கோபாரில் கேம்பல் பே என்கிற ஊரில் வேலையில் இருக்கிறார்கள். பேத்தி பூர்ணிமா இவரோடு இருக்கிறாள். லியோங் என்ற பெயரைக் கேட்டு உங்களுக்குத் தோன்றுவது சரிதான், முகமும் அப்படித்தான். அவருடைய அப்பா சீனர். ஊரில் சின்னப் பிள்ளைகள், சீனாத் தாத்தா என்று இந்தியில், "சீனா தாதா" என்று கூப்பிட்டால் மனிதர் உளியைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்விடுவார்.

3

எங்கள் இருவரையும் நெருக்கமாக்கியது தேயிலைதான்.

கடை போட்ட புதிதில் ஒரு நாள், நான் போட்ட டீயை ஒரு வாய் குடித்துவிட்டு, "இது தூள் இல்ல, தூசி" என்றார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவளிடம் சொல்கிற பேச்சா? "எனக்கா டீ சொல்லித் தர்றீங்க? எங்கம்மா கொழுந்து எடுத்தவ" என்றேன். அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார். "எங்கம்மாவும்" என்றார்.

அஸ்ஸாமில் ஒரு தேயிலைத் தோட்டம் அவர் ஊர். அந்தக் காலத்தில் தேயிலை வளர்க்கத் தெரிந்தவர்கள் என்று வெள்ளைக்காரர்கள் சீனாவில் இருந்து ஆட்களைக் கொண்டுவந்தார்கள். அப்படி வந்த ஒருவரின் பேரன் அவருடைய அப்பா. தோட்டத்துக்குப் பெட்டி அடிக்கிற தச்சர். அம்மா ராஞ்சிப் பக்கத்தில் இருந்து கொழுந்து எடுக்க வந்த குடும்பம். வீட்டில் பேசியது ஸாத்ரி. தோட்டத்து ஜனங்கள் பேசுவது. இந்தி தெரிந்தவர்களுக்குக் காது கொடுத்தால் விளங்கும். இங்கே இருக்கிற ராஞ்சிக்காரர்களும் வீட்டில் அதைத்தான் பேசுகிறார்கள். சீன பாஷை அப்பாவுக்கே அரைகுறை. அண்ணனுக்குச் சுத்தமாகத் தெரியாது. ஒரு அக்கா இருந்தார், சியூ லான். அண்ணன் அவரைப் பெயர் சொல்லிச் சொன்னதில்லை. தீதி என்பார்.

அறுபத்திரண்டில் சீனாவோடு சண்டை வந்தது. அண்ணனுக்கு அப்போது எட்டு வயது. போலீஸ் வந்து, கொஞ்ச நாளைக்குத்தான், உடுத்த ஒரு துணி எடுத்துக்கொண்டால் போதும் என்று சொல்லிக் கூட்டிப் போனார்கள். முகத்தைப் பார்த்து, பெயரைப் பார்த்து, எதிரி நாட்டவர் என்று ஊர் ஊராகப் பிடித்தார்கள். அம்மாவை விட்டுவிடுகிறோம், நீ நம் ஆள் என்றார்களாம். அம்மா பிள்ளைகளோடு தானும் ரயிலில் ஏறிவிட்டார். ரயில் நாள் கணக்காக ஓடியது. நிற்கிற ஸ்டேஷனில் எல்லாம் ஜனங்கள் ஜன்னலில் கல் எறிந்தார்கள். கடைசியில் ராஜஸ்தான் பாலைவனத்தில், முள்கம்பிக்குள் ஒரு முகாம்.

"மண்டபத்துல எங்களுக்கும் வேலி இருந்துச்சு அண்ணே" என்று சொன்னேன்.

"ஒங்க வேலியில கேட் தொறந்திருந்துச்சா?"

"ஆமா."

"அப்ப அது வேற."

தோட்டத்தில் எங்களுக்குக் காலையில் பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிட்டு வேலை பிரிப்பார்கள். முகாமிலும் அப்படி ஆளை நிறுத்தி எண்ணுவார்கள். வேலை மட்டும் கிடையாது. பெரியவர்கள் நாள் முழுக்கச் சும்மா உட்கார்ந்திருந்தார்கள் என்றும், அதைப் பார்க்கத்தான் பயமாக இருந்தது என்றும் அண்ணன் சொன்னார்.

ஒரு நாள் வேலிக்கு வெளியே மணலில் ஒரு மயிலிறகு கிடந்தது. பிள்ளைதானே, கம்பிக்கு அடியில் ஊர்ந்து போய் எடுத்துவிட்டார். காவலுக்கு நின்ற சிப்பாய் துப்பாக்கியைத் தூக்கிவிட்டான். தீதி இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டு கத்திக்கொண்டே ஓடிவந்து தம்பியை உள்ளே இழுத்தார். இழுத்துப் போட்டு ஓங்கி ஓர் அறை. பிறகு காதைப் பிடித்துக்கொண்டு சொன்னாராம்: "எங்க போனாலும் சொல்லிட்டுப் போ. சிப்பாய்கிட்ட சொல்லு, என்கிட்ட சொல்லு. சொல்லாம ஒரு அடி வைக்காத."

சில மாதத்தில், போகிறவர்கள் போகலாம் என்று சீனாவில் இருந்து கப்பல் வந்தது. மெட்ராஸ் துறைமுகத்துக்குத்தான். ஊரில் வீடு ஏலம் போய்விட்டது என்ற செய்தி அப்பாவுக்கு அதற்குள் வந்திருந்தது. போய்விடுவோம் என்று முடிவு செய்தார். கிளம்புகிற நேரம் பார்த்து அண்ணனுக்கு அம்மை போட்டது. அம்மை போட்ட பிள்ளையைக் கப்பலில் ஏற்ற மாட்டார்கள். அம்மாவும் பிள்ளையும் அடுத்த கப்பலில் வரட்டும், அப்பாவும் தீதியும் முன்னால் போகட்டும் என்றார்கள். அம்மையில் கிடந்தவர் கண் விழித்தபோது பக்கத்தில் அம்மா மட்டும் இருந்தார். அடுத்த கப்பலில் அவர்களுக்கு இடம் கிடைக்கவில்லை. அதற்கப்புறம் கப்பல் வரவில்லை.

"எனக்கு சொல்லிட்டுப் போகப் படிச்சுக் குடுத்தவ, எங்கிட்ட சொல்லாமப் போயிட்டா, தங்கச்சி."

இதைச் சொன்னபோது அவருக்கு அறுபது வயதுக்கு மேல். குரல் எட்டு வயதுப் பையனுடையது. நான் டீயை ஆற்றுகிற மாதிரித் திரும்பி நின்றுகொண்டேன்.

அம்மாவும் அவரும் வெளியே வரச் சில வருஷம் ஆயிற்று. அதற்குப் பிறகும் ஊரை விட்டுப் போக வேண்டுமென்றால் ஸ்டேஷனில் சொல்ல வேண்டும், வந்தால் சொல்ல வேண்டும். பிறந்தது இந்தியாவில், காகிதத்தில் வெளிநாட்டுக்காரர். பிழைக்கப் போன கல்கத்தாவில் அம்மா செத்துப் போனார். மரவேலைக்கு ஆள் எடுக்கிற காண்ட்ராக்டரோடு அண்ணன் கப்பல் ஏறி இங்கே வந்தார். காகிதம் என்றோ மாறிவிட்டது. ஸ்டேஷனில் சொல்கிற பழக்கம் மட்டும் அவரோடு கப்பலில் வந்துவிட்டது.

4

இப்போது சௌக்கியில் இருக்கிற கான்ஸ்டபிள் சுமித், ராஞ்சிக்காரப் பையன், தங்கமானவன். அண்ணன் போய் விறைப்பாக நின்று, "சார், சாத்தம் போறேன், மத்தியானம் வந்துருவேன்" என்றால், அவனும் முகத்தை நிமிர்த்தி வைத்துக்கொண்டு, "என்ட்ரி ஹோ கயா, தாதா" என்பான். எழுதியாகிவிட்டது என்று அர்த்தம். அப்படி ஒரு என்ட்ரி எங்கேயும் கிடையாது. அது இரண்டு பேருக்கும் தெரியும் என்றுதான் நினைக்கிறேன்.

ஆபரேஷன் தள்ளிப்போன அதே வாரம்தான் பூர்ணிமா என் கடைக்கு ஓடிவந்தாள். போனை என் முன்னால் நீட்டினாள். அதில் ஒரு போட்டோ. வெள்ளைத் தலை, கம்பளிக் குல்லாய், சக்கர நாற்காலி.

அந்த முகாமில் இருந்த குடும்பங்களின் பிள்ளைகள் இன்டர்நெட்டில் ஒரு குழு வைத்திருக்கிறார்களாம். தாத்தாவுக்குத் தெரியாமல் இவள் அதில் எழுதிப் போட்டிருக்கிறாள். யாரோ ஒருவர் வழியாக இன்னொருவர், அவர் வழியாக வேறொருவர் என்று போய், கடைசியில் தீதியின் பேத்தியே பதில் எழுதிவிட்டாள். தீதி உயிரோடு இருக்கிறார். சீனாவின் தெற்கே ஒரு பண்ணையில். அங்கேயும் அவர்களுக்குக் கொடுத்த வேலை கொழுந்து எடுப்பதுதான். அப்பா அங்கே போய்ச் சில வருஷத்தில் இறந்துவிட்டார். தீதிக்கு இப்போது சிறுநீரகம் வேலை செய்யவில்லை. டாக்டர் அதிக நாள் கொடுக்கவில்லை. தம்பியைப் போனிலாவது பார்த்துப் பேச வேண்டும் என்று ஒரே பிடியாக இருக்கிறார்.

அண்ணனிடம் நானும் பூர்ணிமாவும் சேர்ந்து போய்ச் சொன்னோம். போனை வாங்கிப் பார்த்தார். கண் சரியாகத் தெரியாததால் மூக்கில் இடிக்கிற மாதிரி வைத்துப் பார்த்தார். சந்தோஷப்படுவார், அழுவார், எதற்கும் தயாராகத்தான் நான் துண்டோடு போயிருந்தேன். அவர் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "பேச முடியாது" என்றார்.

"ஏன்ணே?"

"இவளுக்கு வெரிஃபிகேஷன் வரணும்."

பூர்ணிமாவுக்குக் கப்பல் துறையில் கிளார்க் வேலைக்கு செலக்‌ஷன் ஆகியிருந்தது. போலீஸ் வெரிஃபிகேஷன் வந்து போனால் ஆர்டர். நாடு முழுக்க இதுதான் வழக்கம். ஆனால் அண்ணனுக்கு அந்த வார்த்தை காதில் விழுந்ததில் இருந்து தூக்கம் போய்விட்டது என்பது எங்களுக்கு அப்போதுதான் தெரிந்தது.

"எங்க பாபா ஒரு ரேடியோ வச்சிருந்தாரு. ரேடியோ எதுக்கு, சீனாகூடப் பேசறியான்னு கேட்டுத்தான் கூட்டிட்டுப் போனாங்க. இப்ப நான் நெஜமாவே சீனாகூடப் பேசப் போறேன். இவ வேலைக்கு யார் பதில் சொல்றது?"

"நானா, யே சப் புரானா பாத் ஹை!" பூர்ணிமா தாத்தாவைப் பார்த்துக் கத்தினாள். "எல்லாம் பழைய கதை. யாரும் கேக்க மாட்டாங்க. யாருக்கும் தெரியவும் வேணாம். சும்மா பேசுங்க."

"சொல்லாமயா?"

"ஆமா, சொல்லாம!"

அவர் அவளைப் பார்த்த பார்வை இருக்கிறதே. அவருடைய சிக்கல் எனக்கு அந்த நிமிஷம்தான் முழுதாகப் புரிந்தது. சௌக்கியில் சொல்லாமல் அவரால் பேச முடியாது. அவர் உடம்பு ஒத்துக்கொள்ளாது. சொன்னால் பேத்தியின் வேலை போய்விடும் என்று பயம். எந்தப் பக்கம் திரும்பினாலும் முள்கம்பி. அங்கே தீதிக்கு நாள் போய்க்கொண்டிருந்தது.

5

என் அக்கா இன்னும் அட்டனில்தான் இருக்கிறாள். எங்கள் குடும்பத்துக்கு இந்தியக் குடியுரிமை கொடுத்தார்கள், அவளுக்குக் கல்யாணமான குடும்பத்துக்கு இலங்கைக் குடியுரிமை. ஒரே லயத்தில் அடுத்தடுத்த காம்பராவில் இருந்தவர்கள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வாட்ஸாப்பில் கூப்பிடுவாள். மாவு விலை, கேஸ் விலை, மருமகள் குறை, முட்டி வலி. நான் போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு வெங்காயம் உரிப்பேன். பல நாள் காதில் பாதி விழாது. "கேக்குறியா புள்ள?" என்று கேட்பாள். "கேக்குறேன், சொல்லு" என்பேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் கூப்பிட்டபோது வெங்காயத்தை ஒதுக்கி வைத்துவிட்டு உட்கார்ந்து கேட்டேன். "என்னா, சத்தத்தையே காணோம், ஒடம்புக்குச் சரியில்லையா?" என்றாள். ஒன்றுமில்லை, இன்னும் கொஞ்சம் முட்டி வலியைப் பற்றிச் சொல்லேன் என்றேன். பைத்தியமா உனக்கு என்று திட்டினாள். எவ்வளவு இனிப்பான திட்டு.

6

கடைசியில் முடிவு செய்தது பூர்ணிமாதான். ஒரு நாள் காலையில் கல்லாவுக்கு முன்னால் வந்து நின்று, "ஆன்ட்டி, நானாவக் கூட்டிட்டு சௌக்கிக்குப் போங்க. சொல்லட்டும். வேலை போனா போகட்டும். நான் ஒங்க கடையில தோசை ஊத்துறேன்" என்றாள். அண்ணன் அவளுக்குப் பின்னால், ஆபரேஷனுக்கு உடுத்திய அதே வெள்ளைச் சட்டையில் நின்றுகொண்டிருந்தார். ஷூ போட்டிருந்தார். அவரை ஷூவில் பார்த்தது பாக்கியம் அக்கா இருந்தபோது, அதுவும் பெரிய நாள்களில் மட்டும்.

வீட்டுக்காரரிடம் தோசைக்கல்லை ஒப்படைத்துவிட்டுக் கூடப் போனேன். சௌக்கி வாசலில் நின்று, "தங்கச்சி, இவங்க என்ன உள்ள ஒக்கார வச்சிட்டா, பூர்ணிமாவுக்கு ராத்திரி தொணைக்கு நீ படுத்துக்கோ" என்றார். மனிதர் அந்தத் தயாரிப்போடுதான் வந்திருந்தார்.

உள்ளே சுமித்தோடு மெயின்லேண்டில் இருந்து வந்த ஒரு புது எஸ்.ஐ. இருந்தார். அண்ணன் விறைப்பாக நின்றார். இந்தியில் சொன்னார். மனப்பாடம் செய்துகொண்டு வந்திருப்பார் போல, ஒரே மூச்சில் வந்தது.

"சார், எனக்கு ஒரு அக்கா இருக்காங்க. அவங்க சீனாவுல இருக்காங்க. இன்னிக்கு மத்தியானம் நான் அவங்ககிட்ட போன்ல பேசப் போறேன். அவங்க முகத்தப் பாத்துப் பேசப் போறேன். என் பேத்திக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல. சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்."

எஸ்.ஐ. சுமித்தைப் பார்த்தார். சுமித் தரையைப் பார்த்தான். "எவ்வளவு நாளாப் பேசல?" என்று கேட்டார் எஸ்.ஐ.

"எட்டு வயசுல இருந்து, சார்."

அவர் கையில் இருந்த பேனாவை மேசைமேல் வைத்தார். "அப்புறம் இங்க என்ன செய்யறீங்க? போங்க, போய்ப் பேசுங்க."

அண்ணன் நகரவில்லை. நான் முழங்கையைத் தொட்டேன். அப்போதும் நகரவில்லை. சுமித்துக்குத்தான் புரிந்தது. எழுந்து, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, குரலைச் சரி செய்துகொண்டு சொன்னான்:

"என்ட்ரி ஹோ கயா, தாதா."

7

கண் ஆபரேஷன் இப்போது முடிந்துவிட்டது. பூர்ணிமாவின் வெரிஃபிகேஷன், இதை எழுதுகிற வரைக்கும், வரவில்லை. வரும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். நான் சொல்ல வந்தது அந்த மத்தியானத்தைப் பற்றி.

சீனாவில் ஓடுகிற ஆப் இங்கே ஓடாது, இங்கே ஓடுவது அங்கே ஓடாது. ஆபீஸ்காரர்கள் மீட்டிங் போடுகிற ஏதோ ஒன்றைப் பூர்ணிமாவும் தீதியின் பேத்தியும் கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். கடலுக்கடியில் கேபிள் வந்ததில் இருந்து எங்களுக்கும் நெட் மனுஷத்தனமாக ஓடுகிறது. அதற்கு முன்பு என்றால் இந்தக் கதையே இல்லை. அண்ணன் தானே செய்த நாற்காலியில் உட்கார்ந்தார். எதிரே தானே செய்த மேசை, அதன்மேல் பூர்ணிமாவின் லேப்டாப். நான் பின்னால் சுவரோரம் நின்றேன்.

திரை கறுப்பாக இருந்து சட்டென்று வெளிச்சமானது. குல்லாய் போட்ட அம்மா ஒருவர். பக்கத்தில் ஓர் இளம் பெண், சீனத்தில் அவர் காதருகே என்னவோ சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த அம்மா அவளைக் கவனிக்கவில்லை. திரைக்கு மிக அருகில் வந்து பார்த்தார். இந்தப் பக்கம் அண்ணனும் அதேபோல மூக்கை வைத்துக்கொண்டு பார்த்தார். இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை. பேச பாஷை இல்லாமல் போய்விட்டதோ, என்னையும் என் பேரனையும் போல வெறுமனே பார்த்துக்கொண்டே முடிந்துவிடுமோ என்று பயந்தேன்.

அந்த அம்மாதான் முதலில் பேசினார். ஸாத்ரியில். துருப்பிடித்த தாழ்ப்பாள் மாதிரி ஒவ்வொரு சொல்லாக இழுத்து இழுத்து வந்தது. ஆனால் தெளிவாக வந்தது. எனக்கே புரிந்தது. அவர் நலமா என்று கேட்கவில்லை. அம்மா எப்போது செத்தார் என்று கேட்கவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்:

"சௌக்கியில சொல்லிட்டு வந்தியா?"

அண்ணன் தலையை ஆட்டினார். "சொல்லிட்டேன், தீதி."

"நானும் காலையிலேயே எங்க பண்ணை ஆபீஸ்ல சொல்லிட்டுத்தான் வந்தேன். நாற்காலியத் தள்ளிட்டுப் போகச் சொல்லி, நேரா போய்ச் சொன்னேன். பயப்படாத. பேசு."

அந்தப் பக்கத்துப் பெண் பாட்டியின் முகத்தையே வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பிறந்ததில் இருந்து கேட்டிராத பாஷை அது. இந்தப் பக்கம், தாழ்ந்த குரல் சரியாகக் காதில் விழாத பூர்ணிமா, "ஆன்ட்டி, க்யா போலா? என்னா சொன்னாங்க?" என்று என் கையைப் பிடித்து உலுக்கினாள். நான் அவள் கையைப் பிடித்து நிறுத்தினேன். சீனாவுக்குப் போயும் எதிரி ஊரில் இருந்து வந்தவள் என்றுதானே சின்னப் பிள்ளையாகப் போன தீதியை நிறுத்தி வைத்திருப்பார்கள்! இத்தனை வருஷம் அவரும் எங்கே போனாலும் யாரிடமோ போய்ச் சொல்லிவிட்டுத்தான் போயிருக்கிறார்.

அண்ணன் மேசையின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு, என்னிடம் சொன்ன அதே எட்டு வயதுக் குரலில் கேட்டார்:

"அன்னிக்கு எங்கிட்ட மட்டும் சொல்லாமப் போயிட்டியே, தீதி."

தீதி குல்லாயைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். கையை நீட்டித் திரையைத் தொட்டார். அவர் விரல் இந்தப் பக்கம் பெரிதாக, மங்கலாகத் தெரிந்தது.

"சொன்னேன்டா. ஒன் காதுல சொன்னேன். நீ ஜுரத்துல தூங்கிட்டிருந்த."